சிவனே என்று இருப்பது யார்?

மணமாகி ஆறு ஆண்டுகள் ஆன ஒரு பெண் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர் வங்கியில் வேலை பார்க்கிறார். கணவர் அதிகம் பேசாதவர். வீட்டுக் கடன், பிள்ளையின் பள்ளிக்கூடம், ஊரில் இருக்கும் நிலம் என்று எல்லாவற்றிலும் முடிவெடுப்பது இவர்தான். மாமியார் போய்வரும் ஒரு தியான வகுப்பில், "ஆண் ஆற்றல் இயங்க வேண்டும், பெண் ஆற்றல் ஏற்க வேண்டும், பெண்ணிடம் ஆண் ஆற்றல் மிகுந்துவிட்டால் கணவனுடைய ஆற்றல் அடங்கிப்போகும், இதுவே சிவசக்தி தத்துவம்" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுப் 'பெண் நிலைக்கு'த் திரும்பினால் மகன் சுறுசுறுப்பாகிவிடுவான் என்று மாமியார் வற்புறுத்துகிறார். இந்து சமயம் உண்மையிலேயே இப்படித்தான் சொல்கிறதா என்று கேட்கிறார்.

இல்லை, அம்மா. நம் மரபு சொல்வது இதற்கு நேர் எதிர்.

நூல்களைப் புரட்டுவதற்கு முன்னால் நாம் அன்றாடம் பேசும் தமிழைக் கவனியுங்கள். ஒருவர் எதிலும் தலையிடாமல் பேசாமல் இருந்தால் அவரை என்ன சொல்கிறோம்? 'சிவனே என்று இருக்கிறார்' என்கிறோம். பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த ஆண்பிள்ளை என்ன சொல்கிறான்? 'எழுந்து நிற்கக்கூடச் சக்தி இல்லை' என்கிறான். எந்த வகுப்புக்கும் போகாத நம் பாட்டிமார்கள் பேசிய பேச்சு இது. அசையாமல் இருப்பது சிவம், அசைய வைப்பது சக்தி என்ற தத்துவம் அந்தப் பேச்சுக்குள் அப்படியே இருக்கிறது. உங்கள் மாமியாரும் இந்த இரண்டு தொடரையும் ஆயிரம் முறையாவது சொல்லியிருப்பார்.

ஆதிசங்கரர் பெயரால் வழங்கும் சௌந்தர்யலஹரியின் முதல் சுலோகமே இதைத்தான் சொல்கிறது. சக்தியோடு கூடியிருந்தால்தான் சிவனால் எதையும் ஆக்க முடியும், இல்லாவிட்டால் அவரால் சிறிதும் அசைய முடியாது என்பது அதன் பொருள். 'சிவம்' என்ற சொல்லிலிருந்து இகரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 'சவம்', அந்த இகரமே சக்தி என்று பெரியவர்கள் சொல்வார்கள். வங்காளத்துக் காளி படத்தைப் பார்த்திருப்பீர்கள். கீழே வெண்ணிறமாகக் கண்மூடிக் கிடப்பவர் சிவன், அவர் மார்பின்மேல் கால் வைத்து நிற்பவள் காளி. இந்தப் படத்தில் இயங்குவது யார், ஏற்பது யார் என்று அந்த வகுப்பு ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

சாங்கியம் என்ற தத்துவ மரபு இதை இன்னும் பழைய வடிவில் சொல்கிறது. அங்கே புருஷன், பிரகிருதி என்று இரண்டு. புருஷனுக்குக் கண் உண்டு, நடக்க முடியாது. பிரகிருதிக்குக் கால் உண்டு, பார்வை கிடையாது. முடவன் குருடனின் தோளில் ஏறி வழி சொல்ல, இருவரும் சேர்ந்து காட்டைக் கடப்பதுபோல உலகம் நடக்கிறது என்பது சாங்கிய காரிகையில் வரும் உவமை. இங்கேயும் நடப்பது, செய்வது, படைப்பது எல்லாம் பெண்பால் பெயர் கொண்ட தத்துவம்தான். ஆண்பால் பெயர் கொண்டது சாட்சியாக இருந்து பார்ப்பதோடு சரி.

அப்படியானால் 'ஆண் இயங்குவது, பெண் ஏற்பது' என்பது எங்கிருந்து வந்தது? சீனத்து யின்-யாங் கொள்கையில் யாங் ஆண்மை, வெப்பம், இயக்கம். யின் பெண்மை, குளிர்ச்சி, ஏற்பு. இருபதாம் நூற்றாண்டில் உளவியலாளர் கார்ல் யுங், ஆணின் மனத்துக்குள் ஒரு பெண்ணும் பெண்ணின் மனத்துக்குள் ஓர் ஆணும் உண்டு என்று எழுதினார். மேல்நாட்டு ஆன்மிக வகுப்புகள் இவற்றோடு நம் தந்திர நூல்களின் பெயர்களையும் சேர்த்துக் கலந்தன. அந்தக் கலவை திரும்பி நம் ஊருக்கு வரும்போது அதன்மேல் 'சிவசக்தி' என்ற பெயர் ஒட்டியிருக்கிறது. யின்-யாங் அதனளவில் ஆழமான சிந்தனைதான். அதை நம்முடையது என்று சொல்லி ஒரு மருமகளின் வேலையைப் பிடுங்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நம் நாட்டுக்குள்ளேயே இது எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வஜ்ரயான பௌத்தத்தில் ஆண் உருவம் கருணையாகிய செயலையும் பெண் உருவம் ஞானத்தையும் குறிக்கும். எந்தக் குணத்துக்கு எந்தப் பால் என்பது அந்தந்த மரபு தன் தேவைக்கு வகுத்துக்கொண்டது. உங்கள் உடம்பில் எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது.

அடுத்த விஷயம் இதைவிட முக்கியம். சிவமும் சக்தியும் இரண்டு ஆட்கள் என்று சைவ சித்தாந்தம் சொல்லவே இல்லை. ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். முப்பது ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தாந்தம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வகுப்பில் இந்த இடம் வரும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்வேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாரில் இப்படி வருகிறது: "அருளது சத்தி யாகும் அரன்றனக்கு, அருளை இன்றித் தெருள்சிவம் இல்லை, அந்தச் சிவமின்றிச் சத்தி இல்லை." சிவனுடைய அருளுக்குத்தான் சக்தி என்று பெயர். நெருப்பும் சூடும்போல, சூரியனும் ஒளியும்போல. சூட்டைத் தனியே எடுத்து ஒருவர் கையிலும் நெருப்பைத் தனியே எடுத்து இன்னொருவர் கையிலும் கொடுக்க முடியாது. அப்படியிருக்க, கணவன் சிவம், மனைவி சக்தி என்று ஒரு வீட்டில் பங்கு போட்டுக்கொடுப்பது எப்படி?

யோக நூல்களும் இதைத்தான் வேறு வழியில் சொல்கின்றன. குண்டலினி என்ற சக்தி முதுகெலும்பின் அடியில், மூலாதாரத்தில் இருக்கிறாள், சிவம் உச்சந்தலையில். இது ஆண் உடம்பு, பெண் உடம்பு இரண்டுக்கும் ஒன்றுதான். இடப்பக்க மூச்சாகிய இடகலையும் வலப்பக்க மூச்சாகிய பிங்கலையும் எல்லார் மூக்கிலும் ஓடுகின்றன. ஓர் ஆண் மூட்டை தூக்கும்போது அவன் தோளில் இருப்பது சக்தி. ஒரு பெண் அழும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சலனமில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது அங்கே இருப்பது சிவம். நீங்கள் வங்கிக்குப் போய்க் கணக்குப் பார்ப்பதை 'ஆண் ஆற்றல்' என்று சொல்ல நம் நூல்களில் இடமே இல்லை. பெயர் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் அதற்குச் சக்தி என்றுதான் பெயர் வைக்க வேண்டும்.

மாதொருபாகன் உருவம் தமிழில் மிகப் பழையது. புறநானூற்றின் கடவுள் வாழ்த்தில், "பெண்ணுரு ஒருதிறன் ஆகின்று, அவ்வுருத் தன்னுள் அடக்கிக் கரக்கினும் கரக்கும்" என்று வருகிறது. பெண் உருவம் ஒரு பக்கமாக விளங்குகிறது, சில நேரம் அதைத் தனக்குள் அடக்கி மறைத்துக்கொள்ளவும் செய்கிறான் என்று பொருள். அந்தக் 'கரக்கினும் கரக்கும்' என்ற இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். வெளியே ஆணாகத் தெரியும்போதும் பெண் போய்விடவில்லை, உள்ளே இருக்கிறாள். சம்பந்தர் மூன்று வயதில் சீர்காழிக் குளக்கரையில் பாடியதாகச் சொல்லப்படும் முதல் பாட்டின் முதல் சொல் என்ன? 'தோடு'. தோடு பெண்கள் காதில் அணிவது. இறைவனைப் பார்த்த குழந்தைக்குக் கண்ணில் முதலில் பட்டது அவனுடைய பெண் பாதி.

சென்னை அருங்காட்சியகத்துக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தால், திருவெண்காட்டில் கிடைத்த பதினோராம் நூற்றாண்டு அர்த்தநாரீசுவரர் செப்புத் திருமேனி முன்னால் கால் மணி நேரம் நில்லுங்கள். வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண். வலத்தில் தோள் விரிந்து நேராக இறங்குகிறது. இடத்தில் இடை ஒடுங்கி இடுப்பு வளைந்து வெளியே வருகிறது. ஆடை ஒரு தொடையில் குட்டையாக நிற்கிறது, மறு காலில் கீழே வரை இறங்குகிறது. இவ்வளவு வேறுபாடு இருந்தும் இரண்டு பாதியும் எங்கே சேர்கிறது என்று கோடு போட முடியாது. என்னோடு வந்த மாணவி ஒருத்தி ஒன்றைக் கவனித்தாள். வலத்தில் இரண்டு கை, இடத்தில் ஒன்றுதான். "பெண்ணுக்கு இங்கேயும் குறைவா, ஐயா?" என்று கேட்டாள். நான்கு கை உடைய சிவனில் பாதி இரண்டு, இரண்டு கை உடைய உமையில் பாதி ஒன்று என்று சிற்பியின் கணக்கைச் சொன்னேன். கணக்கு சரிதான், ஆனாலும் அவள் கேள்வி தப்பில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கதை ஒன்று அர்த்தநாரீசுவரர் கோயில் கொண்ட திருச்செங்கோட்டில் இருக்கிறது. பிருங்கி என்ற முனிவருக்குச் சிவன் மட்டும் போதும், அம்மை வேண்டாம். இருவரும் சேர்ந்து அமர்ந்திருக்கும்போது வண்டாக மாறி, நடுவே நுழைந்து சிவனை மட்டும் சுற்றினார். "என்னை வேண்டாம் என்பவர் என்னிடமிருந்து பெற்றதைக் கொடுத்துவிடட்டும்" என்றாள் அம்மை. முனிவரின் உடம்பிலிருந்து இரத்தமும் சதையும் நீங்கின. எலும்புக்கூடாகிய அவரால் நிற்க முடியாமல் போயிற்று. விழாமல் இருக்கச் சிவன் மூன்றாவது கால் கொடுத்தார். இதைச் சாபக்கதை என்று மேலோட்டமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனால் இதற்குள் வைத்திய நூலின் கருத்து ஒன்று இருக்கிறது. இரத்தம், சதை, கொழுப்பு, ஈரல் முதலிய மென்மையான பகுதிகள் தாயிடமிருந்தும், எலும்பு, பல், நகம், நரம்பு முதலிய உறுதியான பகுதிகள் தந்தையிடமிருந்தும் வருகின்றன என்று சுசுருத சம்ஹிதை சொல்கிறது. பெண்ணை விலக்கிவிட்டு இறைவனிடம் போகப் பார்த்தவருக்கு மிஞ்சியது எலும்பு. அதன் பிறகுதான் அம்மை விரதம் இருந்து இறைவனின் உடம்பில் பாதியைப் பெற்றாள்.

அந்த விரதம்தான் தீபாவளியை ஒட்டிப் பல வீடுகளில் எடுக்கும் கேதாரகௌரி நோன்பு. இருபத்தோரு இழை, இருபத்தோரு முடிச்சு, இருபத்தோரு அதிரசம். நோன்புக் கயிற்றை ஆண்கள் வலக்கையிலும் பெண்கள் இடக்கையிலும் கட்டிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் பாட்டி எல்லாருக்கும் கட்டிவிடுவாள். தாத்தாவின் வலது மணிக்கட்டும் பாட்டியின் இடது மணிக்கட்டும் பக்கத்தில் பக்கத்தில் மஞ்சள் கயிற்றோடு இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அர்த்தநாரி என்ற சொல்லைப் படிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்ட அர்த்தநாரி அது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நம் மரபு பெண்ணை எப்போதும் தலையில் வைத்துக் கொண்டாடியது என்று நான் சொன்னால் அது பொய். 'இளமையில் தந்தை காப்பான், பருவத்தில் கணவன் காப்பான், முதுமையில் மகன் காப்பான். பெண் தன்னுரிமைக்குத் தகுதியுடையவள் அல்லள்' என்று சொல்லும் அதே மனுநூல்தான், பெண்களைப் போற்றும் இடத்தில் தேவர்கள் மகிழ்வார்கள் என்றும் சொல்கிறது. தில்லைக் காளியின் கதையில், சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆட, அதே ஆட்டத்தை ஆட வெட்கப்பட்டு அவள் தோற்றாள் என்று முடித்துவைத்திருக்கிறார்கள். சக்தியைப் பாடிய நாட்டிலேயே மனைவியைப் பட்டினி போட்டவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். 'நீதான் வீட்டுக்கு மகாலட்சுமி' என்று சொல்லி, அந்தப் பெயராலேயே அவளைச் சமையலறையை விட்டு வெளியே வராமல் நிறுத்திவைத்த வீடுகளை நானே அறிவேன். தத்துவம் ஒரு பக்கம், சமூகம் ஒரு பக்கம். யாராவது சமூகத்தின் பழக்கத்தைத் தத்துவத்தின் பெயரால் உங்களிடம் நீட்டினால், நீட்டுவது எது என்று பிரித்துப் பாருங்கள்.

குடும்பத்துக்கு இதிலிருந்து ஒன்றுமே கிடைக்காதா என்றால், கிடைக்கும். தத்துவ நூல்களைவிடக் கோயில்களிலிருந்து அதிகம் கிடைக்கும்.

'உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?' என்று சிரித்துக்கொண்டு கேட்பார்கள். மதுரை என்றால் மனைவி சொல், சிதம்பரம் என்றால் கணவன் சொல். உங்களையும் யாராவது கேட்டிருப்பார்கள். ஆனால் மதுரையில் உண்மையில் நடப்பதைப் பாருங்கள். சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், செங்கோல் அவள் கைக்கு வருகிறது. மறுநாள் திக்விஜயம், அதற்கு மறுநாள் திருக்கல்யாணம். வரிசையைக் கவனியுங்கள்: முடிசூட்டு முதலில், தாலி பிறகு. ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரருக்குப் பட்டாபிஷேகம் நடந்து செங்கோல் அவரிடம் போகிறது. அடுத்த சித்திரையில் மறுபடி அவளிடம். அவளுக்கு நான்கு மாதம், அவருக்கு எட்டு மாதம் என்ற கணக்கில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதை மனம்விட்டே சொல்கிறேன். ஆனால் செங்கோல் ஒரே கையில் ஒட்டிக்கொண்டு இருக்கக் கூடாது, ஆண்டுதோறும் ஊரறிய மாறவேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு பெரியது! இரவில் பள்ளியறைக்குப் போவதும் அப்படித்தான். சுவாமியின் பாதுகைகள் பல்லக்கில் ஏறி அம்மன் சந்நிதிக்குப் போகின்றன. அவள் இருக்கும் இடத்துக்கு அவர்தான் போகிறார்.

சரி, சிதம்பரம்? அங்கே ஆடுபவர் சிவன். பக்கத்தில் நின்று பார்ப்பவள் சிவகாமி. சிவம் அசையாதது, சக்தி அசைவது என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, அது தில்லையில் தலைகீழாக அல்லவா இருக்கிறது? ஆம், இருக்கிறது. இளம் வயதில் இந்த முரண் என்னை மிகவும் அலைக்கழித்தது. சாங்கியத்தில் ஆடுபவள் பிரகிருதி, பார்ப்பவன் புருஷன். தில்லையில் ஆடுபவன் அவன், பார்ப்பவள் அவள். ஆடும் ஆற்றலே சக்திதான் என்று சித்தாந்த விளக்கம் உண்டு, அதுவும் சரிதான். ஆனால் வயது ஏறஏற எனக்குப் பட்டது வேறு. ஆடுவதற்கு ஒருவர், கண்ணெடுக்காமல் பார்ப்பதற்கு ஒருவர் என்று இரண்டும் வேண்டும். யார் எதுவாக இருக்க வேண்டும் என்பதை நம் மரபு ஒரே இடத்தில் ஆணி அடித்து வைக்கவில்லை. ஊருக்கு ஊர் மாற்றிவைத்திருக்கிறது.

சண்டைக்கும் கோயிலில் இடம் உண்டு. உறையூர் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டுவிட்டு, அதாவது ஒன்றாக வீற்றிருந்துவிட்டு, ஸ்ரீரங்கம் திரும்பும் நம்பெருமாளுக்கு, பங்குனி உத்திரத்தன்று ரங்கநாயகித் தாயார் கதவைத் திறப்பதில்லை. பெருமாள் வாசல் வரை வருவார், கதவு அடைபடும். பின்வாங்கிப் போவார், மறுபடி வருவார். தாயார் பக்கத்தில் இருந்து பூ, பழம், வெண்ணெய், வாழைமட்டை எல்லாம் அவர்மேல் பறக்கும். மட்டையடி என்றே அந்த உற்சவத்துக்குப் பெயர். கடைசியில் நம்மாழ்வார் நடுவில் வந்து சமாதானம் செய்துவைக்கிறார். அதன் பிறகு நடக்கும் சேர்த்தி சேவை ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான். திருவண்ணாமலையில் மாட்டுப்பொங்கலன்று திருவூடல்; அங்கே தூது போகிறவர் சுந்தரர். அம்மன் கோபித்துக் கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, அண்ணாமலையார் தனியாகக் கிரிவலம் போவார். பெண் கதவைச் சாத்துவதை யாரும் ஆற்றல் கெட்டுப்போனதாகச் சொல்வதில்லை. அதை விழாவாக்கி, அதற்குத் தெருவில் கூட்டம் சேர்ந்து, சமாதானத்துக்கு ஓர் அடியாரையும் நியமித்திருக்கிறார்கள்.

இனி என் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். என் அப்பா நெல் வியாபாரம் செய்தார். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது வியாபாரம் நொடித்துப்போனது. கடன் கொடுத்தவர்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். உள்ளே கூடத்தில் பாயை விரித்து, பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் தவணை பேசியது அம்மா. "உங்களுக்கு இந்த அறுவடைக்குப் பாதி, அடுத்ததுக்கு மீதி" என்று அவள் சொல்வது எனக்கு அடுத்த அறையில் கேட்கும். இரட்டைவடச் சங்கிலி முதலில் போனது, பிறகு வளையல்கள். மூன்று ஆண்டுகளில் கடன் அடைந்தது. பெரியப்பா ஒருநாள் அப்பாவிடம், "பெண்டாட்டியைப் பேசவிட்டுவிட்டுச் சிவனே என்று உட்கார்ந்திருக்கிறாயே, வெட்கமாக இல்லையா?" என்று கேட்டார். அப்பா அதற்கும் பதில் சொல்லவில்லை.

ரொம்ப நாள் கழித்து, எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகு, அம்மாவிடம் அதைப்பற்றிக் கேட்டேன். "வந்தவன் யாராவது ஒரு சொல் கூடுதலாகப் பேசினானா? பேசமாட்டான். வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார் அல்லவா?" என்றாள். "ஒரு நாள்கூட உள்ளே வந்து இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லு என்றதில்லை. எழுந்தும் போனதில்லை. அதனால்தான் என்னால் பேச முடிந்தது."

பிறகு என் தம்பி இறந்தான். இருபத்திரண்டு வயது. அம்மா ஓர் ஆண்டு முழுக்க அசையவில்லை. அடுப்பு பற்றவைக்கவில்லை, கோலம் போடவில்லை, ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பாள். அப்பா அதுவரை சோற்றுப் பானையைத் தொட்டவர் இல்லை. விடியற்காலையில் எழுந்து உலை வைத்தார். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்டு வந்தார். வாசலில் ஐந்து புள்ளி வைத்து ஏதோ ஒரு கோலமும் போட்டார். தட்டைக் கொண்டுபோய் அம்மா பக்கத்தில் வைத்துவிட்டு, அவள் ஒரு வாய் எடுக்கும்வரை அங்கேயே நிற்பார். அந்த வீட்டில் யார் ஆண் ஆற்றல், யார் பெண் ஆற்றல் என்று என்னை யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: "அவர் எதற்கும் குறுக்கே நிற்கமாட்டார், ஆனால் கூடவும் நிற்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை." கேட்க வேண்டிய கேள்வி இதுதான். உங்கள் வேலையைப் பற்றிய கேள்வி தேவையே இல்லாதது. பேசாமல் இருப்பதில் இரண்டு வகை உண்டு. என் அப்பா திண்ணையில் இருந்ததுபோல எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருப்பது ஒன்று. தப்பித்துக்கொள்வதற்காக ஒதுங்கி இருப்பது இன்னொன்று. முதலாவது சிவம். இரண்டாவதற்குத் தத்துவப் பெயர் கொடுக்க வேண்டாம், அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. உங்கள் கணவர் எந்த வகை என்பது அவருக்கும் உங்களுக்கும்தான் தெரியும். அதை அவரிடமே கேளுங்கள். கடனைப் பற்றியோ பள்ளிக்கூடத்தைப் பற்றியோ முடிவெடுக்கும் நாளில், "நீங்கள் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். வேறொரு நாளில் ஏதாவது ஒன்றை முழுதாக அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருந்து பாருங்கள். இரண்டாவது உங்களுக்குக் கடினமாக இருக்கலாம் என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது.

வீட்டில் பணம் எப்படிப் போகிறது, குழந்தையை யார் பார்ப்பது என்பவை எல்லாம் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய விஷயங்கள். அவற்றை ஆற்றல் சமநிலை என்று சொல்லி மந்திரத்தால் தீர்க்க முடியாது. உங்கள் திருமணத்தில் சப்தபதி நடந்திருந்தால், ஏழாவது அடியில் சொன்ன மந்திரத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 'ஏழடி நடந்த நீ எனக்குத் தோழி ஆவாயாக' என்பது அதன் பொருள். அங்கே மணமகளை அழைக்கும் சொல் 'சகா', அதாவது நண்பர். அந்தச் சொல்லில் மேல்கீழ் கிடையாது.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். அவர் கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. மகன் சோர்ந்திருக்கிறானே என்ற கவலையை அந்த வகுப்பில் கிடைத்த சொற்களால் சொல்கிறார். அவரையும் கணவரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை திருவானைக்காவுக்குப் போய்வாருங்கள். அகிலாண்டேசுவரி காவிரி நீரையே லிங்கமாகப் பிடித்துவைத்து வழிபட்ட தலம். அம்மன் மாணவியாக இருந்து உபதேசம் பெற்ற இடம் என்பதால் அங்கே திருக்கல்யாணம் நடத்துவதில்லை. உச்சிக்காலத்துக்கு அரை மணி முன்பே அம்மன் சந்நிதிப் பக்கம் போய்விடுங்கள். அர்ச்சகர் புடவை உடுத்தி, மாலை சூடி, மேளதாளத்தோடு அங்கிருந்து புறப்பட்டு வருவார். அந்த வேளையில் அவர்தான் அம்மன். அப்படியே நடந்துபோய் ஜம்புகேசுவரருக்குப் பூசை செய்வார். அவர் கடந்து போகும்போது எல்லாரும் கைகூப்புவார்கள், உங்கள் மாமியாரும் கூப்புவார். குழந்தை "அது மாமாவா, அம்மாவா?" என்று கேட்டால், பதிலை உங்கள் கணவரையே சொல்லச் சொல்லுங்கள்.